வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: ஈயம், பாதரசம், புகை

சென்ற இதழில் சிறுவர்களின் சுவாச நோய்களைப் பற்றி எழுதியதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாம் சுவாசிக்கும் காற்றையும், வீட்டுக்குள்ளும் வேலைத்தலத்திலும் உடலில் சேரும் உலோக நஞ்சுகளையும் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை, எழுதியவர்களின் பெயரை நீக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாக் கடிதங்களிலும் "இதற்கு என்ன மருந்து?" என்ற கேள்வி இருக்கிறது. இந்த நோய்களில் அதற்கு முன்பு கேட்க வேண்டியது, நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

கேள்வி: வைத்தியர் ஐயா, என் கணவர் பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் வாகன பற்றரிகளைத் திருத்தியும் பழைய பற்றரிகளைப் பிரித்தும் கொடுக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறார். எங்கள் நான்கு வயது மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். முகமும் வெளிறிப்போய் இருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை. ஒரு இடத்தில் இருந்து எதையும் கவனிப்பதில்லை என்று முன்பள்ளி ஆசிரியை சொல்கிறார். கடையில் உள்ள ஈயம் வீட்டுக்கும் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இது உண்மையா?
— ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, ஈயம் வீட்டுக்கு வரும் என்பது உண்மை. உங்கள் மகனுக்கு இருப்பது அதுதானா என்பதை இரத்தப் பரிசோதனை செய்யாமல் எவராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் அனைத்தும் சாதாரண இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் வரக்கூடியவை. இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. ஆனால் தந்தையின் தொழிலைப் பார்க்கும்போது, இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

பற்றரியின் உள்ளே இருக்கும் தகடுகள் ஈயத்தாலும் ஈய ஒட்சைட்டாலும் ஆனவை. அவற்றைப் பிரிக்கும்போது எழும் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவில் சட்டையிலும், தலைமுடியிலும், செருப்பின் அடியிலும், மோட்டார் சைக்கிளின் இருக்கையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வருகிறது. வேலை முடிந்து வந்த தந்தை அதே சட்டையுடன் பிள்ளையைத் தூக்கி அணைக்கிறார். அந்தச் சட்டை பிள்ளையின் உடுப்புகளோடு ஒரே வாளியில் ஊறுகிறது. தரையில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைக்கிறது. உட்கொள்ளும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் குடல் பெரியவர்களை விட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இது இன்னும் கூடும். உடலுக்குள் சென்ற ஈயம், குருதிக்கு நிறம் தரும் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுப்பதால் பிள்ளை வெளிறுகிறது. குடலைப் பாதிப்பதால் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வருகின்றன. இவை எல்லாவற்றிலும் பாரதூரமானது மூளைக்கு ஏற்படும் பாதிப்பு. கவனம், கற்றல், பொறுமை ஆகிய மூன்றும் அதனால் குறைகின்றன. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பிள்ளையை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அழைத்துச் சென்று, தந்தையின் தொழிலை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் மறுபடியும் பூச்சி மருந்தோடுதான் திரும்பி வருவீர்கள். இரத்தம் நாளத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசு முடிவைத் தவறாகக் கூட்டிக் காட்டிவிடலாம். இரும்புச்சத்தையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ அடுத்த பிள்ளையை எதிர்பார்த்தாலோ உங்களுக்கும் அது அவசியம், ஏனெனில் எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும் ஈயம் கர்ப்ப காலத்தில் கல்சியத்தோடு சேர்ந்து வெளியேறிக் கருவிலுள்ள பிள்ளையைச் சென்றடைகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால் அது வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். 45 மைக்ரோகிராமை எட்டினால் வைத்தியசாலையில் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து சிறுவர்களுக்குத் தேவைப்படும். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு நஞ்சு வரும் வழியை அடைப்பதுதான் சிகிச்சை. வழி அடைபட்டால் இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஆகவே ஓரிரு மாதங்களில் முடிவு திருப்தியாக இல்லை என்று மனம் தளர வேண்டாம்.

கணவர் வேலையை விட வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட விடயம். ஆனால் கடையிலேயே உடுப்பையும் செருப்பையும் மாற்றி, கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இயலுமானால் அங்கேயே குளித்துவிட்டு வர வேண்டும். வேலை செய்யும் இடத்தில் சாப்பிடுவதும் வெற்றிலை போடுவதும் புகைப்பதும் கூடாது. வேலை உடுப்பு தனிப் பையில் வந்து தனியாகத் துவைக்கப்பட வேண்டும். வீட்டைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூசு எழும்பி மறுபடி படியும். ஈரத் துணியால் துடையுங்கள். மகனுக்கு முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை, பால் ஆகியவற்றோடு கொய்யாவோ நெல்லியோ தினமும் கொடுங்கள். பசித்த வயிறு ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பதும் முக்கியம்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடையில் ஈயத்தை உருக்குகிறார்களா? அப்படியென்றால் ஆபத்து உங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அந்த ஒழுங்கையில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அந்த ஆவியைச் சுவாசிக்கிறார்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அறிவிப்பது முறைப்பாடு என்பதை விட அயலவருக்குச் செய்யும் உதவி என்றே நினையுங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அதனால் நகரக் காற்றில் இருந்த ஈயம் வெகுவாகக் குறைந்தது. இப்போது எஞ்சியிருப்பவை இப்படிப்பட்ட சிறு சிறு ஊற்றுகள். தேடிப் பிடித்தால் அடைக்கக் கூடியவை.

கேள்வி: உடலில் உள்ள உலோகங்களைக் கழுவி வெளியேற்றும் என்று ஒரு சாறும் பொடியும் முகநூலில் விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், தெகிவளை

பதில்: வாங்க வேண்டாம். எந்தச் சாறும் எலும்பில் இருக்கும் ஈயத்தையோ சிறுநீரகத்தில் இருக்கும் கட்மியம் என்ற உலோகத்தையோ கழுவி எடுக்காது. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பிழையான வகையைத் தேவையில்லாமல் ஏற்றியதால் இரத்தத்தில் கல்சியம் திடீரென இறங்கிச் சிறுவர்கள் இறந்ததும் வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. அவை வைத்தியசாலைக்குள் இருக்க வேண்டியவை. பெயர் தெரியாத பொடிகளிலும், முறையாகச் சுத்தி செய்யப்படாத சில சித்த மருந்துகளான பற்பம், செந்தூரங்களிலும் ஈயமும் பாதரசமும் இருக்கக் கூடும் என்பதால், கழுவப் போய்ச் சேர்த்துக்கொண்ட நிலையும் வரலாம். நஞ்சு பற்றிய சந்தேகம் இருந்தால், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பேத்திக்குத் தொய்வு. ஒவ்வொரு ஆண்டும் மார்கழி, தை மாதங்களில் அவளுக்கு இழுப்பு கூடுகிறது. எனக்கும் நெஞ்சு பாரமாக இருக்கிறது. பனிக்காற்றுத்தான் காரணமா?
— ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: அம்மா, குளிர்ச்சிக்கு ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு புகைக்கு உரியது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் வட இந்தியாவின் மேல் தேங்கிய மாசு வங்காள விரிகுடாவைக் கடந்து நம்மிடம் வருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே சாம்பல் மூட்டத்துக்குள் இருந்ததும், டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். வந்து சேரும் அந்த மாசின் மேல் நம் சொந்த மாசும் சேர்கிறது. காலி வீதியில் ஏறி இறங்கும் பஸ்களின் டீசல் புகை, முச்சக்கர வண்டிகள், எரிக்கப்படும் குப்பை ஆகியவையே அது. மழையும் பலத்த கடற்காற்றும் இல்லாத இரவுகளில் இவை கலைந்து போக வழியின்றித் தரை மட்டத்திலேயே தங்கிவிடுகின்றன.

இந்தப் புகையில் நாம் அஞ்ச வேண்டியது 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்களை. ஒரு தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும் என்பதால் மூக்கும் தொண்டையும் அவற்றை நிறுத்துவதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அவற்றுள் மிகச் சிறியவை குருதியிலும் கலக்கின்றன. பேத்தியின் சுவாசக் குழாய்கள் வீங்கிச் சுருங்குவதற்கும் உங்கள் இதயம் சிரமப்படுவதற்கும் இதுவே பொதுக் காரணம். காற்று மாசினால் ஏற்படும் மரணங்களில் பெரும் பகுதி மாரடைப்பாலும் பாரிசவாதத்தாலும் நிகழ்கிறது என்பதை நம்மவர்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை. காற்று மாசு என்றால் இருமல் என்றே நினைக்கிறோம். நெஞ்சு பாரம் என்று நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பருவம் மாறட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே உங்கள் இதய வைத்தியரிடம் காட்டுங்கள். பாரம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் இந்த நுண்துகளுக்கு 2021இல் விதித்த ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீற்றர் காற்றில் 5 மைக்ரோகிராம். இலங்கையின் சட்ட வரம்பு 2008இலிருந்து 25. அதாவது "தரத்துக்குள் இருக்கிறது" என்று ஒரு அறிக்கை சொல்லும்போது, அது உங்கள் பேத்திக்கு ஏற்ற காற்று என்று ஆகிவிடாது. இந்த இடைவெளி குறைக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை செய்யக் கூடியவை இருக்கின்றன. உங்கள் வீட்டில் காலி வீதியைப் பார்த்த சன்னல்களையும் கடலைப் பார்த்த சன்னல்களையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். பாடசாலை வாகனங்கள் நெருக்கும் காலையிலும், அலுவலகம் விடும் மாலையிலும் வீதிப் பக்கத்தை மூடி வையுங்கள். பகலில் கடற்காற்று எழும்பும்போது கடற்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நடைப்பயிற்சியைக் காலி வீதி ஓரத்தில் செய்யாமல் கடற்கரையில், அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். காற்றுத் தரச் சுட்டெண் 100ஐத் தாண்டும் நாட்களில் இருவரும் வெளியே ஓடியாடுவதைத் தவிர்ப்பது நல்லது. வெளியே போகத்தான் வேண்டுமென்றால், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் உதவும். துணிக் கவசம் நுண்துகளை நிறுத்தாது. பேத்திக்குத் தினமும் எடுக்கும்படி கொடுத்திருக்கும் தடுப்பு இன்ஹேலரை, இழுப்பு இல்லாத மாதங்களில் நிறுத்திவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது வேண்டாம். மார்கழிக்கு முன்பே வைத்தியரைக் கண்டு அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் எரியும் பொருட்களையும் மறக்கக் கூடாது. ஒரு நுளம்புச் சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூட்டிய அறையில், தொய்வுள்ள பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அதைக் கொளுத்தி வைப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறும். டெங்கு உள்ள நகரத்தில் நுளம்பிலிருந்து காப்பும் வேண்டும்தான். அதற்கு வலையும், சன்னலுக்குக் கம்பி வலையும், தோலில் பூசும் நுளம்பு விரட்டியும், தேங்கிய நீரை வாரந்தோறும் ஊற்றிவிடுவதும் போதுமானவை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைச் சிறிய அளவில், சன்னலைத் திறந்து வைத்து, பிள்ளை இல்லாத அறையில் போடலாம். அறைக்குள் வைக்கும் பூச்சாடிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்வதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 24 வயது. திருமணம் நிச்சயமாகியுள்ளது. புறக்கோட்டையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றை நான்கு மாதமாகப் பூசுகிறேன். முகம் நன்றாக வெளுத்தது. இப்போது காலையில் கண்ணிமை வீங்குகிறது. சிறுநீரில் நுரை வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— ஒரு வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: மகளே, இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் அந்தக் கிரீமை நிறுத்திவிட்டு, நாளையே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரச உப்பு சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால்தான் முகம் அவ்வளவு விரைவாக வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே செல்லும் அந்தப் பாதரசம் சிறுநீரகத்தின் வடிகட்டியைப் பழுதாக்கும்போது புரதம் சிறுநீரில் ஒழுகி நுரையாகத் தெரிகிறது. உடலில் நீர் கட்டி இமையும் காலும் வீங்குகின்றன. உங்கள் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். எதுவானாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி இது. கிரீமை நிறுத்தி உரிய சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது என்பதால் பயந்து ஒளிக்கவும் வேண்டாம். கிரீம் டப்பாவை எறியாமல், இறுக மூடி ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டு போங்கள். வீட்டில் உங்கள் துவாயையும் தலையணை உறையையும் வேறு யாரும் பயன்படுத்தியிருந்தால் அவர்களையும், விசேடமாகச் சிறு பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பாதரசம் ஆவியாகி அறையில் உள்ள மற்றவர்களையும் அடையும்.

பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும், இலங்கையும் அங்கம் வகிக்கும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, ஒரு கிலோகிராமில் 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைத் தடை செய்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எதுவுமே 2025க்குப் பின் கூடாது என்று 2023இல் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. ஆனாலும் தயாரித்தவர் முகவரியோ உள்ளடக்கமோ இல்லாத டப்பாக்கள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அறிவியுங்கள். உங்களை மணக்க வருபவர் உங்கள் நிறத்தோடுதான் உங்களைப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார். அந்த நிறத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதை ஒரு தகப்பனின் இடத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: கர்ப்பிணிகள் மீன் சாப்பிட்டால் பிள்ளைக்குப் பாதரசம் போகும் என்கிறார்கள். பிள்ளை பிறந்த பின் சுறா வறை கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: மீனை விட வேண்டாம். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் அதில் இருக்கின்றன. மீனில் சேரும் பாதரசம், பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன மேல்நோக்கிக் கூடிக்கொண்டே போவது. ஆகவே சாளை, சூடை, கீரி, நெத்தலி ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். பெரிய சுறாவையும், தலபத் என்ற பெயரில் கொழும்புச் சந்தைகளில் துண்டாக விற்கப்படும் பெரிய மீனையும் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தவிருங்கள்; கெலவல்லா எனப்படும் சூரை மீனை எப்போதாவது ஒரு முறை எடுக்கலாம். மாமியாரின் அக்கறைக்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்குப் புரதம் வேண்டும் என்பதை நம் பெரியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதே வறையைச் சூடையிலோ சாளையிலோ செய்து, உள்ளியும் மிளகும் தாராளமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: செட்டியார் தெருவில் முப்பது வருடமாக நகை வேலை செய்கிறேன். கேடியம் வைத்துப் பற்றவைக்கும் நாட்களில் இரவில் காய்ச்சல் மாதிரி உடம்பு நோகும், நெஞ்சு இறுகும்; மறுநாள் சரியாகிவிடும். பட்டறையில் எல்லோருக்கும் இது பழகிப் போனது. கவனிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், கொழும்பு 11

பதில்: ஐயா, கட்டாயம் கவனிக்க வேண்டும். நீங்கள் கேடியம் என்று சொல்வது கட்மியம். அது 321 பாகை செல்சியஸில் உருகி 767 பாகையில் கொதித்து ஆவியாகிறது. ஊதுகுழலின் சுவாலை அதைவிடப் பல நூறு பாகை சூடானது. ஆவி உள்ளே போகும்போது தொண்டை எரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே காய்ச்சலும் உடல்நோவும் தொடங்கும். துத்தநாக ஆவியினால் வரும் காய்ச்சல் மறுநாளே தணிந்துவிடும். கட்மியத்தினால் வருவதும் தொடக்கத்தில் அதைப் போலவே இருக்கும். ஆனால் அளவு கூடிய ஒரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரை எடுத்துவிடும். எந்த இரவு எது என்று வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே பற்றவைத்த இரவில் மூச்சு முட்டினால், விடியட்டும் என்று படுத்திருக்காமல் தேசிய வைத்தியசாலைக்குப் போய், "கட்மியம் ஊதினேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிடக் கூடும்.

நீண்ட காலச் சேதம் சிறுநீரகத்தில் நடக்கிறது. அங்கே சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறைவதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் எடுக்கும் என்பதால், அது உங்கள் வாழ்நாள் முழுவதும் கூட இருப்பதாகவே கொள்ள வேண்டும். சிறுநீரகக் குழாய்கள் பழுதாகி, எலும்பு மெலிந்து முறிகிறது. ஜப்பானின் தொயாமாவில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீரால் விளைந்த நெல்லை உண்டவர்களுக்கு வந்த இத்தாய்-இத்தாய் நோய் இதன் உச்சம். நுரையீரல் புற்றுநோய்க்கும் கட்மியம் காரணம் என்று நிறுவப்பட்டுள்ளது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சாதாரணக் கீற்றுப் பரிசோதனை, தொடக்க நிலையில் ஒழுகும் சிறு புரதங்களைக் காட்டாது. சிறுநீரில் கட்மியத்தின் அளவையும் பீற்றா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புகைப்பவர் என்றால் உடனே நிறுத்த வேண்டும். புகையிலைச் செடி மண்ணிலுள்ள கட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்து வைப்பது.

பட்டறைக்கு நான் சொல்லக்கூடிய முதல் மாற்றம், கட்மியம் இல்லாத பற்றுப்பொடிக்கு மாறுவதுதான். ஓட்டத்திலும் உருகும் சூட்டிலும் வேறுபாடு இருக்கும், கை பழகச் சில நாட்கள் எடுக்கும், கொஞ்சம் விலையும் கூடலாம். ஆனால் முப்பது வருடக் கைக்கு அது பெரிய தடையாக இராது. மாறும் வரைக்கும், பற்றவைக்கும் மேசைக்கு நேரே ஆவியை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றைப் பொருத்தி, ஆவி முகத்தைக் கடந்து போகாத பக்கத்தில் இருந்து வேலை செய்யுங்கள். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி ஆவியைப் பட்டறை முழுக்கப் பரப்புவதால் அந்த நேரத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். துணியும் சாதாரண முகக்கவசமும் இதற்கு உதவா. தேநீரையும் சாப்பாட்டையும் அந்த மேசையில் வைக்காதீர்கள். உங்களிடம் வேலை பழகும் பையன்கள் இருந்தால், பரிசோதனைக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு நடந்ததை அவர்கள் இன்னும் முப்பது வருடம் சுமக்க வேண்டியதில்லை.